லு மான் 24 மணி நேரம்: புல் மேட்டு டிக்கெட்டும் ஒரு மஞ்சள் காரும்

2025 ஜூன் 14, 15 தேதிகளில் பிரான்ஸில் நடந்த லு மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்துக்குப் பொது டிக்கெட்டில் போய் வந்தேன். இந்த டிக்கெட்டுக்கு நாற்காலி கிடையாது. புல் மேட்டில் நிற்கலாம், உட்காரலாம், இடம் கிடைத்தால் படுக்கலாம். ஊரில் நாலு பேர் "போனது வொர்த்தா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோய்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பந்தயத்தைப் பார்க்கிற கண் அங்கிருந்து வந்தது. கோயம்புத்தூர் கணபதியில் மூன்று சிஎன்சி லேத் வைத்து ஜாப் ஆர்டர் எடுக்கிறேன். பம்பு ஷாஃப்ட், பேரிங் ஹவுஸிங், இப்படி. இடையில் நாலைந்து வருஷம் சொந்தப் பெயரில் பம்பு அசெம்பிள் செய்து விற்றும் பார்த்தேன். காஸ்டிங்கை ஒரு பெரிய கம்பெனியிடம் வாங்க வேண்டியிருந்தது. அவர்களும் பம்பு விற்பவர்கள்தான். என்னிடம் விலையில் ஏமாற்றவில்லை, தரத்திலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கே ஆர்டர் குவிந்த மாதங்களில் என் காஸ்டிங் வண்டி ஏறாது. வரிசையில் எப்போதும் நான்தான் கடைசி. அந்தக் கடை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் போட்டியைப் பார்த்தாலும், பொருளை விற்கிறவன் யார், வாங்கி ஓட்டுகிறவன் யார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

லு மான் ஆசை 2009லேயே வந்தது. நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் அந்த வருஷம் கோலஸ் என்ற தனியார் அணியில் ஆடி ஆர்10 டீசல் காரில் ஓட்டுவதாக இருந்தது. ஆடி கம்பெனி தன் அணிக்கு ஆர்15 என்ற புதுக் காரைக் கொண்டுவந்துவிட்டது. பழைய ஆர்10 கோலஸ் கைக்கு வந்தது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் நரேன் பிட் (கார்கள் நின்று பெட்ரோல் போட்டு டயர் மாற்றும் இடம்) சுவரிலிருந்து குதிக்கும்போது விழுந்து, தோள்பட்டை நழுவி, ஓட்டவே முடியாமல் போனது. மீதி இரண்டே பேர், ஆந்த்ரே லோட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும், 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு ஓட்டி ஏழாவது வந்தார்கள். அடுத்த வருஷமே ஆடி லோட்டரரைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. அவர் பின்னால் மூன்று முறை லு மான் ஜெயித்தார். அன்றைக்கு இரவு நான் இணையத்தில் நேர வரிசைப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும் என்று அப்போதே ஒரு கிறுக்கு எண்ணம்.

அக்கா மகன் நான்த் நகரத்தில் வேலை பார்க்கிறான். "மாமா, நீங்க வர்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும்" என்றான். அவன் சொன்னது சரிதான், தாமதித்திருந்தால் கிடைத்திருக்காது. பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து டிஜிவி ரயிலில் லு மான் ஒரு மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலேயே டிராம். கடைசி நிறுத்தம் ஆன்டாரேஸில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சர்க்யூட். இந்தப் பயணத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கூட்டம் மட்டும் நம்ம ஊர் தைப்பூசத்துப் பழனி பஸ் மாதிரி. மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம் பேர் வந்தார்கள் என்று பின்னால் அறிவித்தார்கள்.

சுற்றின் நீளம் 13.626 கிலோமீட்டர். அதில் பெரும் பகுதி மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகிற பொதுச் சாலை. எனவே எங்கே நின்றாலும் பந்தயத்தின் ஒரு துண்டுதான் கண்ணில் படும். மீதியைக் காதால் கேட்க வேண்டும். ஒரு சின்ன எஃப்எம் ரேடியோவும் காதுக்கு அடைப்பானும் கட்டாயம் எடுத்துப் போங்கள். ரேடியோ லு மான் 91.2ல் ஆங்கில வர்ணனை ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் யார் முதலில் போகிறார் என்பதே மூன்று மணி நேரத்துக்குப் பிறகு குழம்பிவிடும். 62 கார்கள்; அதில் மேல் வகுப்பான ஹைப்பர்கார் 21. ஒரே சாலையில் மூன்று வகுப்பு, மூன்று வேகம்.

நாங்கள் பிடித்த இடம் டெர்த்ர் ரூஜ். டன்லப் பாலத்தைத் தாண்டி இறங்கி வந்து, கார்கள் நீண்ட நேர்சாலைக்குள் பாயும் வலது வளைவு. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு டென்னிஸ் ஃபெடரர் கொடி அசைத்தார். முதல் சுற்று வரும்போது ஆஸ்டன் மார்ட்டின் வால்கைரியின் வி12 அலறல், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வந்துவிட்டது. என்னைக் கேட்டால் டிக்கெட் காசில் பாதி அந்தச் சத்தத்துக்கே. ஃபெராரி அவ்வளவாகச் சத்தம் போடாது, மூன்று லிட்டர் வி6 டர்போ, உறுமிக்கொண்டே போய்விடும்.

நான் தேடியது அந்த ஃபெராரிகளில் மஞ்சளாக இருந்த ஒன்றை. எண் 83. சிவப்பு 50, 51 இரண்டும் ஃபெராரியின் சொந்த அணி. 83 தனியார் பதிவு. ஓட்டுபவர்கள் போலந்தின் ராபர்ட் குபிட்சா, சீனாவின் யே யிஃபெய், இங்கிலாந்தின் ஃபில் ஹான்சன். 2011ல் ஒரு ராலியில் கிட்டத்தட்ட வலது கையையே இழந்தவர் குபிட்சா. 2021 லு மானில் குபிட்சாவும் யேயும் ஓட்டிய கார் கீழ் வகுப்பில் முதலிடத்தில் இருந்தபடி கடைசிச் சுற்றில் நின்றுபோனது. 2023ல் யே, ஜோட்டா என்ற தனியார் அணியின் போர்ஷேயில் மொத்தப் பந்தயத்துக்கே முதலிடத்தில் போய், போர்ஷே வளைவுகளில் மோதினார். இப்படிப்பட்டவர்களுக்குக் கைதட்டாமல் வேறு யாருக்குக் கைதட்டுவது?

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வக்கீல் புத்தி. "மாமா, அந்த 83ஐ ஓட்ற அணி யாரு? ஏஎஃப் கோர்சே. 50, 51ஐ நடத்தறதும் அதே ஏஎஃப் கோர்சே. இது எப்படிங்க தனியார்?"

சரியான கேள்வி. பதிவுப் புத்தகத்தில் அது தனியார்தான்: 83 எடுக்கும் புள்ளி ஃபெராரியின் தயாரிப்பாளர் கணக்கில் சேராது, தனியார் அணிகளுக்கென்று வைத்திருக்கும் தனிக் கோப்பைக்குப் போகும். ஆனால் ஒரே சமையல்கட்டில் வெந்த சோறு. பக்கத்து காரேஜில் என்ன டயர் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்த ஆட்கள்தான் இந்தக் காருக்கும் வேலை செய்கிறார்கள். நான் பம்பு விற்றபோது காஸ்டிங் கம்பெனி முதலாளியே என் கடையையும் நடத்தியிருந்தால் என் சரக்கு தாமதமாகியிருக்குமா? ஆகியிருக்காது. அப்போது அது என் கடையா என்பது வேறு கேள்வி. மாப்பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தேன். (அந்தக் கடை பெயர் வேண்டாம். நீள ரொட்டியை ஆக்ஸா பிளேடு வைத்துத்தான் அறுக்க வேண்டும் போலிருந்தது. சாப்பாடு கையில் கொண்டு போங்கள்.)

டிக்கெட் வாங்குகிறவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கப் போவது வேகமான காரைக் கண்டுபிடிக்கும் போட்டி இல்லை. ஹைப்பர்கார் வகுப்பில் பிஓபி (பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்) என்று ஒரு கணக்கு உண்டு. வேகமாகத் தெரிகிற காருக்கு எடை ஏற்றி, பவர் இறக்கி, ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு ஆற்றல்தான் என்று அளந்து கொடுத்து, எல்லாரையும் ஒரே படிக்குக் கொண்டுவரும் வேலை. குறைந்தபட்ச எடை 1030 கிலோ. பவரை சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டிலேயே டார்க் (முறுக்கு விசை) சென்சார் வைத்து அளக்கிறார்கள். ஷாஃப்ட் கடைகிறவன் என்ற முறையில் அந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு மெய்யாகவே சந்தோஷம். 2024லிருந்து 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தனிப் பவர் கணக்கு என்று இன்னொரு படியும் சேர்த்தார்கள். இந்தக் கணக்கைப் பற்றி அணிகளோ ஓட்டுநர்களோ வெளியில் வாய் திறக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

2023ல் லு மானுக்குச் சில நாள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேவுக்கு 3 கிலோ என்று ஏற்றினார்கள். ஜெயித்தது ஃபெராரி, டொயோட்டா இரண்டாவது. அன்றைக்கு நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அது பெரிய வீட்டுக்காரர்களுக்குள் சண்டை. தனியார் அணிக்கு இதில் ஒரு நன்மை உண்டு என்று நான் நினைக்கிறேன்: பிஓபி காரின் மாடலுக்குப் போடுவது, ஆளுக்குப் போடுவது இல்லை. ஃபெராரி 499பிக்கு என்ன எடையோ அதுதான் சிவப்புக்கும் மஞ்சளுக்கும். எடை மேடையில் ஏறினால் இருவரும் சமம்.

மேடையிலிருந்து இறங்கினால்தான் வித்தியாசம் ஆரம்பிக்கிறது. ஜோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லு மானும் ஒரு பந்தயமாக இருக்கும் உலகத் தொடரின் 2023 சீசன் அமெரிக்காவின் செப்ரிங்கில் தொடங்கியபோது போர்ஷேயின் சொந்த அணியாகிய பென்ஸ்கே 963 காரோடு நின்றது. காசு கொடுத்து அதே காரை வாங்கிய ஜோட்டாவுக்கு மூன்றாவது பந்தயம், ஸ்பாவில்தான் கார் ஓடியது. இன்னொரு வாடிக்கையாளர் புரோட்டான் அணிக்கு ஜூலையில் மோன்ஸா வரை ஆனது. அந்த வருஷம் செப்ரிங்கிலும் போர்டிமாவோவிலும் ஜோட்டாவுக்கு பிஓபி எத்தனை கிலோ கொடுத்து ஈடு கட்டியிருக்க முடியும்? கார் வந்து சேராத அணிக்குத் தராசில் எந்தத் தட்டு? என் காஸ்டிங் வண்டி ஞாபகத்துக்கு வராமல் எப்படி இருக்கும்.

இருந்தும் அதே ஜோட்டா 2024 ஸ்பா ஆறு மணி நேரப் பந்தயத்தை, போர்ஷேயின் சொந்த அணிக்கு முன்னால் முடித்து ஜெயித்தது. அப்புறம் என்ன ஆனது? 2025ல் காடிலாக் வந்து ஜோட்டாவையே தன் அணியாக வைத்துக்கொண்டது. நான் போன லு மானில் முதல் வரிசை இரண்டு இடமும் ஜோட்டா நடத்திய காடிலாக்குகள்தான். நன்றாக ஓட்டுகிற தனியாருக்கு இந்தத் தொழிலில் கிடைக்கும் பரிசு, தனியாராக இல்லாமல் போவது. லோட்டரருக்கு நடந்தது அணிக்கு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. யோஸ்ட் என்று ஒரு ஜெர்மன் அணி. 1984, 1985 இரண்டு வருஷமும் லு மானை ஒரே போர்ஷே 956 சேஸிஸை வைத்து ஜெயித்தார்கள். எண் 7, அதுவும் மஞ்சள் கார். 1984ல் போர்ஷே கம்பெனி வரவில்லை. 1985ல் புது 962களோடு வந்தது, வந்தும் தோற்றது. அப்போது தராசு என்றால் பெட்ரோல் ஒன்றுதான்: 24 மணி நேரத்துக்கு எல்லாருக்கும் ஒரே அளவு. 1985ல் அந்த அளவையும் 2600 லிட்டரிலிருந்து 2210ஆக வெட்டினார்கள். யோஸ்ட் கார் இன்னொரு தனியார் அணியின் காரோடு மாறி மாறிப் பின்னால் ஒண்டி, காற்றை மறைத்துக்கொண்டு, பெட்ரோல் மிச்சம் பிடித்தது என்று சொல்வார்கள். எனக்கு இந்த விதி இன்றைய பிஓபியைவிடப் பிடிக்கிறது. உனக்கு இவ்வளவு எண்ணெய், உன் சாமர்த்தியம் என்று விட்டுவிடுவது. 1996, 1997லும் யோஸ்ட், போர்ஷே பாதியில் கைவிட்ட ஒரு காரை வைத்துக் கம்பெனியின் 911 ஜிடி1ஐயே அடித்தது. அப்புறம் அவர்களும் ஆடியின் அணியாகிவிட்டார்கள்.

ஹைப்பர்காருக்கு முன் மேல் வகுப்பாக இருந்த எல்எம்பி1 காலத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2012ல் நம்ம சென்னை கருண் சந்தோக், ஜேஆர்எம் என்ற தனியார் அணியின் ஹோண்டா வழிக் காரில் டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக்கோடு ஓட்டி ஆறாவது வந்தார். தனியார் ரெபெல்லியன் நாலாவது. முதல் மூன்று இடமும் ஆடி. அந்தக் காலத்தில் ஹைபிரிட் என்பது பெரிய கம்பெனிக்கு மட்டும் எட்டுகிற பழம். தனியார்களுக்கு ஈடு செய்கிறோம் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். 2018ல் ஆடியும் போர்ஷேயும் போய்விட்டு டொயோட்டா ஒன்றுதான் மிச்சம் என்றானபோதும், தனியாரைவிட டொயோட்டா ஒரு டேங்குக்கு ஒரு சுற்று அதிகம் ஓடலாம் என்பது எழுதி வைத்த சலுகை. அந்த லு மானில் மூன்றாவது வந்த ரெபெல்லியன் 12 சுற்று பின்னால். ஒரு சுற்றுக்கு மூன்றரை நிமிஷம் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் சில்வர்ஸ்டோனில் டொயோட்டா இரண்டும் சோதனையில் தகுதி இழந்ததால் ரெபெல்லியனுக்கு ஒரு வெற்றி வந்தது. நேருக்கு நேர் ஜெயிக்க, 2019 ஷாங்காயில், ஜெயித்தவனுக்குப் பாரம் ஏற்றும் விதி வர வேண்டியிருந்தது. 2020 லு மானில் இரண்டாவது வந்துவிட்டு அந்த அணி கடையைச் சாத்தியது.

இதோடு ஒப்பிட்டால் இன்றைய தராசு எவ்வளவோ பரவாயில்லை. என் குறை தராசின் மேல் இல்லை, வாசல் மேல். 2025லிருந்து ஹைப்பர்காரில் ஒரு தயாரிப்பாளர் வந்தால் இரண்டு கார் கொண்டுவர வேண்டும். 2024ல் ஒற்றைக் காரோடு வந்த இசோட்டா ஃபிராஸ்கினி பாதி சீசனில் போனது, லம்போர்கினியும் அடுத்த வருஷம் வரவில்லை. அமெரிக்காவின் கிளிக்கன்ஹாஸ், சொந்தக் காசில் ஹைபிரிட் இல்லாத காரைக் கட்டி 2022 லு மானில் மூன்றாவதும் நாலாவதும் வந்தவர். 2023க்குப் பிறகு இல்லை. அப்புறம் நரேன் ஓட்ட வேண்டிய அந்தக் கோலஸ். பல் டாக்டராக இருந்து பந்தயத்துக்கு வந்த காலின் கோலஸ். எஃப்1ல் ஹெச்ஆர்டி அணியை நடத்தியபோது 2010ல் கருணுக்கும் 2011ல் நரேனுக்கும் சீட் கொடுத்தவர். 2023ல் வான்வால் என்ற பெயரில் சொந்தமாக ஒரு ஹைப்பர்கார் கொண்டுவந்தார். மெதுவான கார்தான், மறுக்கவில்லை. 2024க்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும்போது கிடங்கில் இடம் கம்மி என்பார்கள். புரிகிறது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

சரி, பந்தயத்துக்கு வருவோம். ஜூன் மாதத்தில் அங்கே பத்து மணிவரை வெளிச்சம். இரவில் டெர்த்ர் ரூஜை விட்டு அர்னாஜ் பக்கம் போக பஸ் விடுகிறார்கள், போங்கள், தவறவிடாதீர்கள். அந்தச் சின்ன வளைவில் கார்கள் பிரேக் போடும்போது டிஸ்க் பழுத்த இரும்பு மாதிரிச் சிவப்பது கண்ணுக்கு எதிரே தெரியும். தூங்கியது மொத்தம் இரண்டு மணி நேரம். வாடகைக் கூடாரம் ஒன்றைப் பிடித்திருந்தோம். வெந்நீர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

விடிந்தபோது போட்டி மூன்று ஃபெராரிக்கும் ஒரு போர்ஷேவுக்கும் என்று ஆகியிருந்தது. காலையில் 51 பிட்டுக்குள் நுழையும் இடத்தில் சுழன்று நேரம் இழந்தது. அதுவரை பேசாமல் இருந்த பக்கத்துப் போலந்துக்காரர்கள், அப்பா, இரண்டு மகன், ஒரு பெரிய கொடி, எழுந்து நின்றுவிட்டார்கள். அப்புறம் உட்காரவே இல்லை. கடைசி மணி நேரங்களை முழுக்கக் குபிட்சாவே ஓட்டினார். போர்ஷே 6 விடவில்லை. முடிவில் 387 சுற்று ஓடி வித்தியாசம் 14 நொடி. இரண்டாவது வந்ததும் ஒரு கம்பெனி கார், மூன்றாவது வந்ததும் கம்பெனி கார், சிவப்பு ஃபெராரி 51. நாலாவதாக வந்த 50ஐப் பின்னால் சோதனையில் பின் இறக்கைக்காகத் தகுதி நீக்கினார்கள்.

தனியார் பதிவு ஒன்று லு மானை மொத்தமாக ஜெயித்தது 2005க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அன்று சாம்பியன் என்ற அமெரிக்க அணி, ஆடி ஆர்8. இருபது வருஷம். மாப்பிள்ளை கேட்டான், "இப்ப என்ன சொல்றீங்க, தனியார் ஜெயிச்சதா, ஃபெராரி ஜெயிச்சதா?" நான் "குபிட்சா ஜெயிச்சாரு" என்றேன். தப்பிக்கிற பதில்தான். உண்மையில் என் மனசில் இருப்பது இது: கம்பெனி காரேஜின் சுவரோடு சுவராக இருந்ததால்தான் 83க்குச் சரக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அப்படி ஒரு சுவர் இல்லாத தனியார், எத்தனை நேர்மையான தராசு வைத்தாலும், 2023 முதல் 2025 வரை மூன்று வருஷத்தில் லு மானை ஜெயிக்கவில்லை. போர்ஷே 2025 சீசனோடு உலகத் தொடரிலிருந்து விலகிவிட்டது. 2026 முழுச் சீசன் பட்டியலில் ஹைப்பர்காரில் மிஞ்சிய தனியார் கார் அந்த மஞ்சள் 83 மட்டும்தான்.

ஊரில் இப்போது நீண்டதூரப் பந்தயம் என்றாலே துபாய் 24 மணி நேரத்தில் அஜித் அணி தன் வகுப்பில் வாங்கிய மூன்றாம் இடத்தைத்தான் சொல்கிறார்கள். நல்லதுதான். அவரும் கார் வாங்கி ஓட்டுகிற பக்கம்தான். அதைப் பார்த்து ஆசை வந்தவர்கள் லு மானுக்கு ஒரு முறை போகலாம். பொது டிக்கெட்டே போதும், ஸ்டாண்டு சீட்டுக்குக் காசு போடாதீர்கள். ஒரே இடத்தில் 24 மணி நேரம் உட்கார்ந்து யார் பார்ப்பது. நல்ல ஷூ, ரேடியோ, போர்வை, முடிந்தால் புளிசாதம். சத்தத்துக்கும் இரவுக்கும் சேர்த்து ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது கால் வலிக்காக இல்லை, கிளிக்கன்ஹாஸ் இல்லாததற்காக. வால்கைரி மட்டும் போதும் என்கிறவர்கள் ஐந்தாகவே வைத்துக்கொள்ளலாம்.

கொடி விழுந்த கொஞ்ச நேரத்தில் வேலிக் கதவுகளைத் திறந்து ஜனங்களைச் சாலைக்குள் விடுகிறார்கள். அது அங்கே வழக்கம். இதற்கும் தனி டிக்கெட் கிடையாது. எல்லாரும் மேடையைப் பார்த்து ஓட, நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நெருக்கித் தள்ளிப் பிட் சுவர்ப் பக்கம் போனேன். ரப்பர் துகள் ஷூவில் அப்பிக்கொண்டது. கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

"இதுவா மாமா?" என்றான்.

"இதுல எங்கேயோதான்" என்றேன். எந்த இடம் என்று எனக்கும் தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டு, "ஒரு ஃபோட்டோ எடு, கோயமுத்தூர்ல காட்டணும்" என்றேன். எடுத்தான். சுவரைவிடப் போலந்துக் கொடிதான் அதில் அதிகம் விழுந்திருக்கிறது.